ஏ.ஆர். காப்பியில் தொடங்குகிறது இழப்பீட்டு வழக்கு

அடிபட்டவரை ஆட்டோவிலோ 108-லோ ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். பணியில் இருக்கும் மருத்துவர் "என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். கூட வந்தவர் பதற்றத்தில் "பைக்ல போறப்ப விழுந்துட்டாருங்க" என்கிறார். மருத்துவர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். இதன் நகலைத்தான் நீதிமன்ற வட்டாரத்தில் ஏ.ஆர். காப்பி என்பார்கள். இரண்டு வருடம் கழித்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது இந்த ஒரு வரியைத்தான். "மனுதாரர் தானாகவே கீழே விழுந்தவர். எங்கள் வண்டி மோதவே இல்லை" என்பார்.

யாரும் பொய் சொல்லவில்லை. கார் இடித்துத்தான் அவர் விழுந்தார். கூட வந்தவர் முன்பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். தமிழ்நாட்டில் நியாயமான வழக்குகள் பலவீனப்படுவதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் வேறில்லை. ஆகவே மருத்துவமனையில் வாய் திறக்கும்போது நான்கு விஷயங்கள் வர வேண்டும்: எந்த இடம், எத்தனை மணி, எந்த வகை வண்டி, அது எப்படி மோதியது. வண்டி எண் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "எண் தெரியாத கார்" என்றே சொல்லுங்கள். பிறகு யாரோ சொன்ன எண்ணைச் சேர்த்து ஒட்டவைக்க வேண்டாம். மருத்துவர் மது வாடை இருந்ததா என்றும் குறிப்பார். குடிக்காதவருக்கு அப்படி ஒரு குறிப்பு விழுந்திருந்தால், ரத்தப் பரிசோதனைக்கு அப்போதே கேட்க வேண்டும். மறுநாள் கேட்டுப் பயனில்லை.

பதிவேட்டில் தவறாக விழுந்துவிட்டால் அதைத் திருத்தச் சொல்லி யாரையும் நச்சரிக்காதீர்கள். அடித்தல் திருத்தல் உள்ள ஏ.ஆர். காப்பி, தவறான ஏ.ஆர். காப்பியைவிட மோசமானது. அதற்கு மாற்று, போலீசில் தாமதிக்காமல் முழு விவரத்துடன் புகார் கொடுப்பதும், நேரில் பார்த்தவரின் வாக்குமூலமும்தான்.

போலீஸ் நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் பெற்றதற்கான ரசீது, மட்டும் கொடுத்து அனுப்புவது உண்டு. இழப்பீட்டுக்கு அது போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த விபத்தென்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவும், சாதாரணக் காயத்துக்கு 125(ஏ), கொடுங்காயத்துக்கு 125(பி), உயிரிழப்புக்கு 106(1) பிரிவும் அதில் இருக்கும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். முறிவு இருந்தும் சாதாரணக் காயம் என்று பதிந்திருந்தால், காயச் சான்று கிடைத்ததும் பிரிவை மாற்றச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். புகார்தாரருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

புகார் நாலைந்து நாள் தாமதமானாலே வழக்கு போச்சு என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. வீட்டில் ஒருவர் ஐ.சி.யு.வில் கிடக்கும்போது குடும்பம் போலீசுக்கு ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது, தாமதம் ஒன்றையே காரணமாக வைத்து மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011-இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தாமதத்துக்கான காரணம் புகாரிலேயே இருக்க வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எங்கே சிகிச்சையில் இருந்தார், யார் கவனித்துக்கொண்டார்கள் என்று. காரணமே சொல்லாத தாமதம்தான், வண்டியை 'செட்' செய்து போட்ட வழக்கோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும். அப்படிப் போலி வழக்குகள் போடுகிற கும்பல்கள் இருப்பதால், உண்மையாக அடிபட்டவர்களும் அந்தச் சந்தேகத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும்; விரிவான அறிக்கையை 90 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் தீர்ப்பாயத்துக்கு வழி உண்டு. நடைமுறையில் இது ஊருக்கு ஊர் வேறுபடும். அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். உங்கள் கையில் இருக்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச் (அந்த இடத்தின் வரைபடம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று, குற்றப்பத்திரிகை, எதிர் வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம். ரஃப் ஸ்கெட்சை வாங்கியதும் உட்கார்ந்து பாருங்கள். வண்டிகள் கிடந்த இடம், சாலையின் அகலம், எது யாருடைய பக்கம் என்பதெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கும். யார் மேல் தவறு என்ற கேள்விக்குச் சாட்சியின் பேச்சைவிட அதுதான் அதிகம் பதில் சொல்லும். ஆய்வாளர் அறிக்கையில் எந்த வண்டியில் எந்தப் பக்கம் சேதம் என்று இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

சில சமயம் அடிபட்டவர் மேலேயே எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுவார்கள், அல்லது 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்', அதாவது புகாரில் சொன்னபடி நடக்கவில்லை, என்று வழக்கை முடித்துவிடுவார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். தீர்ப்பாயம் குற்றவியல் நீதிமன்றம் போல ஐயமற நிரூபிக்கச் சொல்வதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்து முடிவெடுக்கும். எஃப்.ஐ.ஆர். அதைக் கட்டுப்படுத்தாது.

இனி காலக்கெடு. மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்து 1994-இல் எடுக்கப்பட்ட காலவரம்பு 2019 திருத்தத்தில் திரும்ப வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 166(3) பிரிவு. இந்த விதி செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. காலம் கடந்தது என்று சொல்லி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பித் தள்ளிப்போடுவது ஆபத்து. ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். காலில் போட்ட பிளேட்டையே இன்னும் எடுக்கவில்லையே, இப்போதே எப்படித் தொகை கேட்பது என்று தயங்குவார்கள். மனு போடுவது வேறு, கணக்கை முடிப்பது வேறு. மனுவை முன்னதாகப் போட்டுவிட்டு, பின்னால் வரும் அறுவை சிகிச்சைகளையும் பில்களையும் சேர்த்துத் தொகையைத் திருத்திக்கொள்ளலாம். வட்டியும் பெரும்பாலும் மனு தேதியிலிருந்துதான் கணக்காகும். ஆக, தாமதித்தால் வட்டியும் போகும்.

எங்கே போடுவது என்பதில் சட்டம் அடிபட்டவருக்கு இரக்கம் காட்டுகிறது. விபத்து செங்கல்பட்டில் நடந்திருக்கலாம், நீங்கள் திருநெல்வேலிக்காரராக இருக்கலாம். திருநெல்வேலித் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். ஊன்றுகோலோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் 500 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியதில்லை.

எதிராளியின் தவறைக் காட்டிப் போடுகிற 166-ஆம் பிரிவு மனுதான் முழு இழப்பீட்டுக்கு வழி. தவறை நிரூபிக்கவே முடியாத நிலையில் 164-ஆம் பிரிவு இருக்கிறது: உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், அவ்வளவுதான். இங்கே ஒரு பள்ளம் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனி முன்வந்து தரும் 164-ஆம் பிரிவுத் தொகையை ஏற்றுக் கையெழுத்திட்டால், 166-ஆம் பிரிவு மனு காலாவதியாகிவிடும். கால் போன இளைஞருக்கு 2.5 லட்சம் இரண்டே மாதத்தில் வருகிறது என்றால் வீட்டில் எல்லோரும் "வாங்கிடுப்பா" என்பார்கள். ஆஸ்பத்திரிக் கடன் நெருக்கும்போது அந்தப் பணம் பெரிதாகத் தெரிவது இயல்பு. அந்தக் கையெழுத்து எதை மூடுகிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி, எண்ணும் தெரியவில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 2022 திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். சாலைப் பாதுகாப்புக்காக கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில்தான், இப்படி ஒரு திட்டம் இருப்பதைப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னமும் நிறையக் குடும்பங்களுக்கு இது தெரியாது.

நாய் குறுக்கே வந்து தானாக விழுந்தவருக்கு? அவர் வண்டியின் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் அவருக்குத் தராது, அது அடுத்தவருக்கானது. பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு சேர்ந்திருந்தால் அதில் 15 லட்சம்வரை கிடைக்கும். ஆனால் அது உயிரிழப்புக்கும், கை கால் கண் இழப்புக்கும், முழு நிரந்தர ஊனத்துக்கும்தான். சாதாரண எலும்பு முறிவுக்கு வராது. உரிமம் இல்லாமல் ஓட்டியிருந்தால் அதுவும் கிடையாது. பின்னால் உட்கார்ந்து வந்தவர் கதை வேறு: தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில், ஓட்டியவரின் தவறால் அவர் அடிபட்டால் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது. முழுப் பாலிசியாக இருந்தால் ஏற்கும். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் என்று குறைப்பவர்கள் பின் சீட்டில் ஏறுகிற மனைவியையும் பிள்ளையையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிகிச்சைக்கு உடனடிப் பணம் தனிக் கணக்கு. தமிழக எல்லைக்குள் நடக்கும் விபத்துக்கு, அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லை. 2021 டிசம்பரில் 1 லட்சம் வரம்புடன் தொடங்கிய திட்டம் இது. 2025-இல் வந்த மத்திய அரசுத் திட்டம் ஏழு நாள்வரை 1.5 லட்சத்துக்குப் பொறுப்பேற்கிறது. சேர்க்கும் இடத்திலேயே "இந்தத் திட்டத்தில் இருக்கிறீர்களா?" என்று கேளுங்கள்.

இப்போது தொகைக்கு வருவோம். ஆஸ்பத்திரி பில்லைக் கூட்டி அதன்மேல் கொஞ்சம் போட்டுத் தருவார்கள் என்று நினைக்கிறவர்களே அதிகம். பில், போக்குவரத்து, சத்துணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம், வலிக்கும் வாழ்க்கைச் சுகங்களை இழந்ததற்கும் உரிய தொகை, இவை எல்லாம் தலைப்புத் தலைப்பாக உண்டு. ஆனால் நிரந்தர ஊனம் ஏற்பட்டவருக்குப் பெரிய தொகை வருவது ஒரே தலைப்பில்தான்: இனி சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது.

மருத்துவக் குழு 30 சதவீத ஊனம் என்று எழுதியிருக்கலாம். 30 சதவீத ஊனம் என்றால் 30 சதவீத வருமான இழப்பு என்று பொருளில்லை. 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைப் பொறுமையாக விளக்கியது. இடது கை போன ஒரு குமாஸ்தா தன் வேலையைத் தொடரக்கூடும். அதே கை ஒரு ஓட்டுநருக்கோ தச்சருக்கோ போனால் தொழிலே போய்விட்டது. ஆகவே முதலில் அந்தச் சதவீதம் அடிபட்ட உறுப்புக்கா, முழு உடலுக்கா என்று பார்க்க வேண்டும். அடுத்து, அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், இப்போது அதில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்யவே முடியாது என்று பார்க்க வேண்டும். கடைசியில்தான் வருமான இழப்பின் சதவீதம்.

இந்த வேலையைச் செய்யாமல் விட்டால், சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கிக் கொடுத்து முடித்துவிடுவார்கள். வித்தியாசத்தைப் பாருங்கள். 32 வயதுக் கொத்தனார், மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. தொடை எலும்பு கோணலாகக் கூடி, சாரத்தில் ஏற முடியவில்லை, குந்தி உட்கார முடியவில்லை. வருமான இழப்பை 25 சதவீதமாக எடுத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்பவருக்கு 40 வயதுக்குள் என்றால் எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு. காயமடைந்தவருக்கும் அது பொருந்தும் என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் உறுதியானது. 15,000 இப்போது 21,000. வருடத்துக்கு 2,52,000. வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதை வயது முடிவு செய்யும்; 31 முதல் 35 வயதுக்கு இந்தப் பெருக்கெண் 16, இது 2009 சர்லா வர்மா தீர்ப்பின் அட்டவணை. மொத்தம் 40,32,000, அதில் 25 சதவீதம் 10,08,000 ரூபாய். இறந்தவர் வழக்கில் சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ கழிப்பார்கள்; உயிரோடிருக்கும் காயமடைந்தவருக்கு அந்தக் கழிவு கிடையாது. அதே ஆளுக்கு, 30 சதவீத ஊனம், சதவீதத்துக்கு 5,000 என்று பெருக்கினால் வருவது 1,50,000. ஒரே கால், ஒரே வலி. தாளில் என்ன காட்டப்பட்டது என்பதில்தான் எட்டரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

அதனால் கொத்தனார் தன் வேலையைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும். "வேலை செய்ய முடியலைங்க" என்ற ஒற்றை வாக்கியம் போதாது. சாரம் ஏறுவது, சிமென்ட் மூட்டை தூக்குவது, தரை பூச மணிக்கணக்கில் குந்துவது, இதில் எது முடியவில்லை என்று சொல்ல வேண்டும். மேஸ்திரி ஒருவரைச் சாட்சியாக அழைக்கலாம். நலவாரிய அட்டை, வங்கிக் கணக்கில் வந்த கூலி, ஜிபே வரவு எல்லாமே வருமான ஆதாரம். சான்று தரும் மருத்துவரும் சிகிச்சை அளித்தவராகவோ அரசு மருத்துவக் குழுவாகவோ இருக்க வேண்டும். எந்த நோயாளிக்கும் கேட்ட சதவீதம் எழுதித் தருகிற ஆள் என்று தீர்ப்பாயத்துக்குத் தெரிந்த மருத்துவரிடம் போனால், சான்றோடு சேர்ந்து உங்கள் நம்பகத்தன்மையும் போகும். ஊனத்தை அளப்பதற்குச் சிகிச்சை ஓரளவு முடிந்திருக்க வேண்டும். எலும்பு கூடாமல் இருக்கும்போது எடுத்த சதவீதத்தைக் குறுக்கு விசாரணையில் எளிதாக உடைத்துவிடுவார்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு வருமானமே இல்லையே என்று எதிர்த்தரப்பு சொன்னால் அது எடுபடாது. அவர் உழைப்புக்கு மதிப்புப் போட்டே இழப்பீடு கணக்கிட வேண்டும் என்று 2021 கீர்த்தி வழக்கு உட்படப் பல தீர்ப்புகள் உள்ளன. வீட்டுக்கு வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அந்தச் சம்பளத்தை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, கையெழுத்து வாங்கி வையுங்கள்.

பில் விஷயத்தில் மூன்று பேச்சு. மருந்துச் சீட்டு இல்லாத பில்லுக்கு மதிப்பில்லை, இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். மெடிக்கிளெய்முக்கு ஒரிஜினல் பில்களைக் கொடுக்கும்முன் மருத்துவமனை முத்திரையோடு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட் எடுக்க, மறுபடி ஆபரேஷன் செய்ய என்ன செலவாகும் என்று மருத்துவமனையிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். பின்னால் தனியாகக் கேட்க இன்னொரு வழக்குப் போட முடியாது. எக்ஸ்ரே ஃபிலிமை வெயிலில் போட்டுவிடாதீர்கள்.

எதிர்த்தரப்பு கையில் எடுக்கும் அடுத்த ஆயுதம் பங்குத் தவறு, அதாவது அடிபட்டவர் மேலும் தவறு உண்டு என்ற வாதம்: ஹெல்மெட் இல்லை, மூன்று பேர் ஏறியிருந்தார்கள், உரிமம் இல்லை. இவை எல்லாமே குற்றம்தான், அபராதத்துக்குரியவைதான். ஆனால் அந்தக் குற்றத்துக்கும் விபத்துக்கும், அல்லது காயத்துக்கும் தொடர்பு இருந்தால்தான் இழப்பீட்டில் கழிக்கலாம். மூன்று பேர் போனது ஒன்றே பங்குத் தவறாகாது என்று 2020-இல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தலையில் அடிபட்டிருந்தால் ஹெல்மெட் வாதத்துக்கு வலு உண்டு. கால் முறிந்தவரிடம் ஹெல்மெட் பற்றிக் கேட்பதில் அர்த்தமில்லை. வக்கீல் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

வக்கீலைத் தேடும்முன்பே ஆஸ்பத்திரி வார்டுக்கு ஒருவர் வருவார். வழக்கை நாங்களே பார்க்கிறோம், ஒரு பைசா தர வேண்டாம், வருவதில் இத்தனை சதவீதம் என்பார். அகில இந்திய பார் கவுன்சில் விதிப்படி, வழக்கில் வரும் தொகையில் பங்கு பேசுவது வக்கீலுக்குத் தடை செய்யப்பட்டது. வெற்றுத் தாளில் கையெழுத்து, வெற்று செக், பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, இவற்றைக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குப் போனால் சமரசம் சீக்கிரம் முடியும், பணமும் சீக்கிரம் வரும். ஆனால் அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. மேலே போட்ட கணக்கை உங்கள் வயதுக்கும் வருமானத்துக்கும் போட்டு, ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். அதில் இருபது, முப்பது சதவீதம் விட்டுக்கொடுத்து நான்கு வருட அலைச்சலைத் தவிர்ப்பது நியாயமான பேரம். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கச் சொன்னால் எழுந்து வரலாம்.

தீர்ப்பு வந்தபின் 30 நாளில் பணம் கட்டப்பட வேண்டும். தொகை போதவில்லை என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, மேல்முறையீடு செய்யலாம்; தொகையை உயர்த்தக் கேட்டு அடிபட்டவரும் போடலாம், இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும் போடுவதில்லை. ஓட்டுநருக்கு முறையான உரிமம் இல்லை என்று கம்பெனி நிரூபித்துவிட்டாலும், முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று உத்தரவிடும் வழக்கம் உண்டு. அந்த வாசகம் தீர்ப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உரிமையாளரைத் தேடி அலைய வேண்டியது நீங்கள்தான்.

அரசுப் பேருந்து மோதிய வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் இருக்காது. போக்குவரத்துக் கழகமே தன் நிதியிலிருந்து தர வேண்டும். தராமல் இழுத்தடித்தால், தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லி நிறைவேற்று மனு போட வேண்டும். பேருந்து நிலையத்தில் நீதிமன்ற அமீனா பஸ்ஸை ஜப்தி செய்தார் என்று அவ்வப்போது செய்தி படிக்கிறோமே, அது இந்த மனுவில் பிறந்த உத்தரவுதான். பஸ்ஸைப் பிடித்த பிறகு பணம் வருவது பல ஊர்களில் வழக்கமாகியிருக்கிறது.

பணத்தை மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. ஆகவே மனு போடும்போதே உங்கள் பெயரில் உள்ள கணக்கின் எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் கொடுங்கள். அந்தக் கணக்கோடு இணைந்த செல்போன் எண் உங்கள் கையில் இருக்கும் எண்ணாக இருக்கட்டும். மைனர் பிள்ளைகளின் பங்கு அவர்களுக்கு 18 வயதாகும்வரை வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கும். அதன் வட்டியைக் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்துக்கொள்ளத் தீர்ப்பிலேயே அனுமதி கேட்டுப் பெறலாம். படிப்புக்கோ சிகிச்சைக்கோ அசலில் ஒரு பகுதி தேவைப்பட்டால், கல்லூரிக் கட்டண ரசீதோ மருத்துவமனை மதிப்பீடோ வைத்து அதே தீர்ப்பாயத்தில் மனு போட்டு எடுக்கலாம்.